வணிக வகுப்பும் நலவாழ்வுத் தீவும்

(இளங்கலைப் பொருளியல், மூன்றாம் ஆண்டு)

முன்னுரை

உழைத்துக் களைத்தவர் ஓய்வை நாடுவது இயற்கை. நம் பக்கத்து மக்கள் சாரல் காலத்தில் குற்றாலம் செல்வர். உடலெங்கும் எண்ணெய் தேய்த்து அருவியில் தலை கொடுத்து நிற்பர். வயிறாரச் சோறுண்டு, ஒரு பொழுது நன்றாக உறங்கிவிட்டு ஊர் திரும்புவர். பேருந்துக் கட்டணமும் எண்ணெய்க் காசும் கையில் இருந்தால் போதும். இதே விருப்பம் உலகச் செல்வர்களிடையே இன்று வேறொரு வடிவம் பெற்றுள்ளது. இலண்டனில் விமானத்தின் வணிக வகுப்பில் ஏறி, பத்து மணி நேரம் படுத்துறங்கியபடியே பறந்து, இந்தியப் பெருங்கடலின் நடுவே தனித்தீவு ஒன்றில் இறங்குகிறார்கள். அங்கே எண்ணெய் தேய்த்துக்கொண்டும், யோகாசனம் பழகியும், கடலைப் பார்த்தும் ஒரு வாரம் கழிக்கிறார்கள். இதற்கு ‘நலவாழ்வுச் சுற்றுலா’ என்று பெயர்.

நான் இதுவரை விமானத்தில் ஏறியவன் அல்லன். ஆயினும் இப்பொருள் பற்றி எழுத எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, நம் வகுப்பறையில் கேட்கும் விலைப் பாகுபாடு, தேவை நெகிழ்ச்சி ஆகிய கருத்துகளுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. மற்றொன்று, என் அண்ணன் மாலத்தீவில் அத்தகைய விடுதி ஒன்றில் எண்ணெய் தேய்த்துவிடும் பணியில் ஆறு ஆண்டுகளாக இருக்கிறார். படிப்பை முடித்ததும் அங்கே வேலைக்குச் செல்ல எண்ணும் நண்பர்கள் நம் கல்லூரியிலும் உளர். ஆகவே இத்தொழில் எவ்வாறு இயங்குகிறது என்பதை நாம் அறிந்துகொள்வது பயன் தரும்.

வணிக வகுப்பு பிறந்த கதை

ஒரு காலத்தில் விமானத்தில் முதல் வகுப்பும் சாதாரண வகுப்புமே இருந்தன. 1970 சனவரியில் போயிங் 747 என்னும் பெருவிமானம் பயணிகளை ஏற்றிப் பறக்கத் தொடங்கியது. ஒரே விமானத்தில் முந்நூற்றைம்பது, நானூறு இருக்கைகள்! அவற்றை நிரப்புவதற்காக நிறுவனங்கள் பலவகைச் சலுகைச் சீட்டுகளை விற்றன. 1973-இல் எண்ணெய் விலை ஏறியதும், காலி இருக்கையோடு பறப்பது இன்னும் பெரிய இழப்பாயிற்று, சலுகைகள் பெருகின.

இதனால் புதுச் சிக்கல் ஒன்று தோன்றியது. அலுவல் காரணமாகக் கடைசி நேரத்தில் சீட்டு வாங்குபவர் முழுக் கட்டணம் செலுத்தினார். பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்த சுற்றுலாப் பயணி அதில் ஒரு பகுதியே செலுத்தினார். இருவரும் ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே உணவை உண்டனர். முழுக் கட்டணம் தந்தவர் முணுமுணுத்ததில் வியப்பில்லை. எனவே 1978-ஆம் ஆண்டளவில் பான் அமெரிக்கன், பிரிட்டிஷ் ஏர்வேஸ் முதலிய நிறுவனங்கள் அத்தகையோர்க்கெனத் தனிப் பகுதி ஒதுக்கின. 1979-இல் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் அதற்கு ‘பிசினஸ் கிளாஸ்’ என்று பெயர் சூட்டியது. அதுவே வணிக வகுப்பு. தொடக்கத்தில் சற்று அகன்ற நாற்காலியும் கொஞ்சம் அமைதியுமே அங்குக் கிடைத்தன. முற்றிலும் தட்டையாக விரியும் படுக்கை வணிக வகுப்புக்கு வந்தது 2000-ஆம் ஆண்டில். அதைக் கொண்டுவந்தது பிரிட்டிஷ் ஏர்வேஸ்.

இங்குப் பொருளியல் மாணவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அலுவலுக்காகப் பறப்பவர்க்கு நாளும் நேரமும் முக்கியம்; கட்டணத்தைத் தருவதோ அவருடைய நிறுவனம். விலை ஏறினாலும் அவர் பயணத்தைக் கைவிடமாட்டார். அவருடைய தேவை நெகிழ்ச்சியற்றது. சுற்றுலாப் பயணியின் தேவையோ நெகிழ்ச்சி மிக்கது. விலை ஏறினால் அவர் வீட்டிலேயே இருந்துவிடுவார். ஆகவே இருவரையும் பிரித்து, இருவரிடமும் வெவ்வேறு விலை பெறுவதே விற்பவருக்கு ஆதாயம்.

ஆனால் பிரிப்பது எப்படி? வசதியானவர் மலிவுச் சீட்டை வாங்கிவிடாமல் தடுக்க வேண்டுமே! பிரெஞ்சுப் பொறியாளரும் பொருளியல் அறிஞருமான சூல் துப்புய் 1849-இலேயே இதை விளக்கியுள்ளார். அக்காலத்து இரயில்களில் மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் சிலவற்றுக்குக் கூரை கிடையாது. கூரை போடப் பெருஞ்செலவு ஆகும் என்பதால் அன்று; இரண்டாம் வகுப்புக்குக் காசு தரக்கூடியவர் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக்கூடாது என்பதால்தான் என்று அவர் காட்டினார். ஏழையைத் துன்புறுத்துவது நோக்கமன்று; இருப்பவரை அச்சுறுத்துவதே நோக்கம். இன்றைய விமானத்தில் முழங்கால் இடிக்கும் சாதாரண இருக்கையைப் பார்ப்பவர்க்குத் துப்புய் சொன்னது விளங்கும்.

2020-இல் கோவிட் நோய் பரவியபின் மற்றொரு மாற்றம் நேர்ந்தது. அலுவல் கூட்டங்கள் பல கணினித் திரைக்கு மாறின. அதே வேளையில், சொந்தப் பணத்தில் ஓய்வுக்காக வணிக வகுப்பில் பறப்போர் தொகை பெருகியது. வணிகருக்கெனத் தோன்றிய படுக்கையில் இன்று விடுமுறைக்காரர் உறங்குகிறார். நலவாழ்வுத் தீவுக்குச் செல்பவர் பெரும்பாலும் இவ்வகையினரே.

ஒரு படுக்கைக்கு எவ்வளவு இடம்?

அகன்ற விமானமான போயிங் 777-இன் சாதாரண வகுப்பில் பெரும்பாலும் ஒரு வரிசைக்குப் பத்துப் பேர் அமர்வர். வணிக வகுப்பிலோ, ஒருவரும் மற்றவரைத் தாண்டாமல் நடைவழிக்கு வரும்படி, ஒரு வரிசைக்கு நால்வரே. சாதாரண வகுப்பில் ஓர் இருக்கைக்கும் அதன் முன்னிருக்கைக்கும் இடையே உள்ள அளவு ஏறத்தாழ 31 அங்குலம். நீட்டிப் படுக்கவோ ஆறடிக்கு மேல் வேண்டும். ஒருவரின் கால் முன்னிருப்பவரின் பக்கமேசைக்கு அடியில் புகும்படி அமைத்துத்தான் அந்த நீளத்தைப் பெறுகிறார்கள்.

விமானம் எரிக்கும் எரிபொருளை இடத்தின் அளவுக்கேற்பப் பயணிகளிடையே பங்கிட்டால் என்ன ஆகும்? 2013-இல் வெளிவந்த உலக வங்கியின் ஆய்வுக் கட்டுரை ஒன்று இக்கணக்கைப் போட்டது. வணிக வகுப்புப் பயணி ஒருவரின் பங்கு, சாதாரண வகுப்புப் பயணியின் பங்கைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று அது கண்டது. இந்த ‘மூன்று’ என்னும் எண்ணை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்க. பின்னர் இதற்கு வேலை உண்டு.

வானில் உடல்

படுத்துச் செல்பவருக்கு உடல்நலம் கூடுமா என்ற வினா எழலாம். விமானம் 35,000 அடி உயரத்தில் பறக்கும்போது, உள்ளே காற்றழுத்தம் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் உள்ள அளவுக்கு வைக்கப்படுகிறது. அதாவது பயணி ஏறக்குறைய உதகமண்டலத்தில் இருப்பவரைப் போன்றவர். ஆனால் உதகையின் ஈரக்காற்று அங்கில்லை. காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 விழுக்காட்டுக்கும் கீழே இருக்கும். தொண்டை வறண்டு, கண் எரிந்து, மூக்கு காய்வது இதனால்தான். இதில் வகுப்பு வேறுபாடு இல்லை. எல்லோரும் சுவாசிப்பது ஒரே காற்று.

நெடுநேரம் அசையாது உட்கார்ந்தால் காலின் உட்சிரையில் இரத்தம் உறையக்கூடும். இதைச் சாதாரண வகுப்பின் நோய் என்று பலர் அழைப்பதுண்டு. உண்மையில் காரணம் இருக்கையின் விலை அன்று, அசையாமையே. பேருந்திலும் இரயிலிலும் நெடுநேரம் அமர்ந்தாலும் இந்த அபாயம் உண்டு. நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தால் இது இரு மடங்காகிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-இல் தெரிவித்தது. ஆயினும் நலமான உடலுள்ளவர்க்கு அது அரிதாகவே நேரும். எழுந்து நடப்பதும் கெண்டைக்காலை அசைப்பதும் செலவில்லாத மருந்துகள்.

அப்படியானால் படுக்கையால் கிடைப்பது என்ன? உறக்கம். அது சிறிய பொருள் அன்று. முதுகுவலி உடையோர்க்கும் முதியோர்க்கும் அது பெரும் உதவி. அந்த உறக்கத்துக்குத்தான் அவர்கள் பல மடங்கு கட்டணம் தருகிறார்கள்.

குரும்பையும் தோணியும்

மாலத்தீவு நமக்கு அயல் என்றாலும் அந்நியம் அன்று. நம் நாட்டின் இலட்சத்தீவுகளில் தென்கோடியான மினிக்காயில் பேசப்படுவது மாலத்தீவின் திவேகி மொழியின் ஒரு வழக்கே. அவர்கள் படகைத் ‘தோணி’ என்கிறார்கள், நாமும் அவ்வாறே. தூத்துக்குடி வட்டாரத்தார் குழம்பில் இடும் மாசிக் கருவாடு, அத்தீவுகளின் சூரை மீனைப் பதப்படுத்தியதாகும். தூத்துக்குடிப் பழைய துறைமுகத்திலிருந்து காய்கறியும் கட்டுமானப் பொருள்களும் ஏற்றிக்கொண்டு தோணிகள் மாலேக்குச் செல்கின்றன. அரிசி, வெங்காயம், முட்டை முதலியவற்றை அந்நாட்டுக்குத் தடையின்றி அனுப்புவதற்கு வழிசெய்யும் வணிக உடன்பாடு 1981-இலேயே இரு நாடுகளுக்குமிடையே ஏற்பட்டது. நலவாழ்வுத் தீவின் காலைத் தட்டில் இருக்கும் முட்டை பெரும்பாலும் நம் நாட்டு முட்டைதான்.

சுமார் 1,190 சிறு தீவுகள்; அவற்றில் மக்கள் வாழ்பவை ஏறத்தாழ 200. நிலப்பரப்பு மொத்தம் 300 சதுர கிலோமீட்டர் அளவே. 1972-இல் மாலே அருகே முதல் விடுதி திறக்கப்பட்டது. அதன் பெயர் ‘குரும்பா’. திவேகியில் இளநீர்க் காய்க்குக் குரும்பா என்று பெயர். தமிழில் தென்னம்பிஞ்சைக் குரும்பை என்கிறோம். அவ்வாண்டில் ஏறத்தாழ ஆயிரம் பேரே வந்தனர். 2024-இல் வந்தோர் 20 இலட்சத்துக்கும் மேல்.

‘ஒரு தீவு, ஒரு விடுதி’ என்பதே அங்குள்ள முறை. மக்கள் குடியிராத தீவு ஒன்றை அரசு குத்தகைக்கு விடும். அத்தீவு முழுவதும் ஒரே விடுதியாகும். மின்சாரத்துக்குத் தனி டீசல் இயந்திரம், குடிநீருக்குக் கடல்நீரை நன்னீராக்கும் ஆலை, கழிவுக்குத் தனி ஏற்பாடு என ஒவ்வொரு தீவும் தனக்கென ஒரு சிற்றூராட்சி நடத்தவேண்டும். உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் தங்கும் மனைகள் நடத்த 2009-இல்தான் வழி திறந்தது. அதன்பின் சுற்றுலாவின் காசு சாதாரணக் குடும்பங்களின் கைக்கும் நேரடியாக வரத் தொடங்கியது.

மாலே விமான நிலையத்தில் இறங்குபவர், தொலைவில் உள்ள தீவுகளுக்குக் கடல் விமானத்தில் செல்வர். நீரில் மிதந்து எழும்பும் சிறு விமானம் அது. ஏறத்தாழ பதினைந்து பேர் அமரலாம். ஓட்டுபவர் பெரும்பாலும் வெறுங்காலுடன் இருப்பார். பகலில் மட்டுமே பறக்கும். அதில் வணிக வகுப்பு கிடையாது. வானில் பத்து மணி நேரம் படுத்து வந்தவரும் கடைசி அரைமணி நேரம் நம் சிற்றுந்தில் போவதுபோல் நெருக்கி அமர்ந்து, இரைச்சலுக்குக் காதைப் பொத்திக்கொண்டுதான் போகவேண்டும்.

விற்கப்படும் நலம்

தீவில் விருந்தினருக்குக் கிடைப்பவை யாவை? எண்ணெய் தேய்ப்பு, மூலிகை ஒத்தடம், யோகாசனம், மூச்சுப் பயிற்சி, எளிய உணவு, நடை, நீச்சல், உறக்கம். இவற்றில் பலவும் நம் பாட்டியர்க்குத் தெரிந்தவையே. விலை உயர்வது பொருளால் அன்று. தொலைவாலும், தனிமையாலும், பணிசெய்யும் கைகளின் எண்ணிக்கையாலும்தான்.

என் அண்ணனைக் கேட்டேன். அவர் சொன்னது இது: “தம்பி, வந்த மொத ரெண்டு நாள் அவங்க தூங்குறாங்க பாரு, அதான் பெரிய வைத்தியம். நாங்க தேய்க்கிறதெல்லாம் அதுக்கப்புறந்தான்.”

அறிஞர் ஆய்வும் இதற்கு மாறாக இல்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த செசிகா டி புளூம் என்பாரும் அவருடைய தோழர்களும் விடுமுறையின் பயனை அளந்து பார்த்தனர். 2013-இல் வெளியான அவர்களுடைய ஆய்வின்படி, நீண்ட விடுமுறையில் மனநலமும் உடல்நலமும் விரைவில் உயர்ந்து, எட்டாம் நாளளவில் உச்சம் அடைகின்றன. வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே பழைய நிலைக்கு வந்துவிடுகின்றன. விடுமுறை பயனற்றது என்பது இதன் பொருள் அன்று. சோறு உண்டால் மறுநாளும் பசிக்கிறது; அதற்காக உண்ணாமல் இருக்கிறோமா? ஓய்வும் உணவைப் போல் அடிக்கடி வேண்டப்படுவது என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம். ஆண்டுக்கு ஒருமுறை பெருவிருந்தைவிட அன்றாடம் ஒரு நல்ல உறக்கம் மேலானது.

இனிக் கைகளைப் பற்றிப் பார்ப்போம். அண்ணன் ஒரு நாளில் நான்கு அல்லது ஐந்து பேருக்கு எண்ணெய் தேய்க்கிறார். ஒருவர்க்கு ஒரு மணி முதல் ஒன்றரை மணி வரை ஆகும். ஆறு ஆண்டுகளில் அவருடைய வலக்கைக் கட்டைவிரல் மூட்டில் வலி நிலைத்துவிட்டது. விருந்தினரின் குடில்கள் கடலோரத்தில் இருக்கும். பணியாளர் குடியிருப்பு தீவின் நடுவில், மரங்களுக்குப் பின்னால் இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கு வரும் அவர், முதல் மூன்று நாள்கள் வீட்டுத் திண்ணையில் பாயை விரித்துத் தூங்குவார். அம்மா யாரையும் எழுப்பவிடமாட்டார். நலவாழ்வு விற்பவருக்கும் நலவாழ்வு என்பது அதுதான் போலும்.

அதே வேளையில் மறுபக்கத்தையும் கூறவேண்டும். அந்தக் கைகள் அனுப்பிய பணத்தில்தான் எங்கள் வீட்டு ஓலைக்கூரை மாறியது. தங்கை செவிலியர் படிப்பில் சேர்ந்தாள். என் விடுதிக் கட்டணம் கட்டப்படுகிறது. செல்வர் வந்து செலவழிப்பது வீண் ஆடம்பரம் என்று மேடையில் முழங்கிவிட்டுப் போவது எனக்கு எளிதன்று.

மணலும் நீரும்

மாலத்தீவின் நிலத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு கடல்மட்டத்துக்கு ஒரு மீட்டர் உயரத்துக்கும் கீழே உள்ளது. அந்த நிலம் பவளப்பாறையின் துகள். அத்துகளை உண்டாக்குவதில் பெரும்பங்கு கிளிமீனுடையது. பாறையைக் கொறித்துத் தின்று, செரியாத சுண்ணத்தை மணலாகக் கழிக்கும் மீன் அது. வக்காரு என்னும் தீவைச் சுற்றி ஆராய்ந்தவர்கள், புதிதாக உண்டாகும் மணலில் 85 விழுக்காட்டுக்கு மேல் கிளிமீன் தந்ததே என்று 2015-இல் எழுதினர். விருந்தினர் வெறுங்காலுடன் நடக்கும் வெண்மணல் இவ்வாறு பிறந்ததாகும். பவளம் வாழ்ந்தால் மீன் வாழும். மீன் வாழ்ந்தால் தீவு வாழும்.

கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் வெளுத்துச் சாகிறது. 1998-இல் அங்கே ஆழமற்ற இடங்களின் பவளம் பெரும்பகுதி அழிந்தது. 2016-இல் மீண்டும் பெருமளவில் வெளுத்தது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. 2009 அக்டோபர் 17 அன்று அந்நாட்டு அமைச்சரவை கடலுக்கடியில் கூடி, உலகுக்குத் தம் நிலையை உணர்த்தியது. 2014 டிசம்பரில் மாலேயின் நன்னீர் ஆலையில் தீப்பிடித்தபோது, தலைநகர மக்கள் குடிநீரின்றித் தவித்தனர். இந்தியா விமானங்களிலும் போர்க்கப்பல்களிலும் தண்ணீர் அனுப்பியது. நாற்புறமும் கடல் சூழ்ந்த ஊரில் தாகம்!

முன்பு நினைவில் வைத்த ‘மூன்று’ என்னும் எண்ணை இங்கே எடுப்போம். உலகின் கரியமில வாயுவில் விமானங்களின் பங்கு இரண்டரை விழுக்காடு அளவே. தீவைச் சூடாக்குவதில் மற்றத் தொழில்களின் பங்கே பெரிது. ஆனாலும் தீவின் அழகை நாடிப் பறப்பவர், அத்தீவுக்கு வரும் கேட்டில் தம் பங்கைச் சேர்த்துவிட்டே இறங்குகிறார். படுத்து வருபவர் மூன்று பங்கு சேர்க்கிறார். மாலத்தீவு அரசு 2024 டிசம்பர் முதல் வெளிநாட்டவரிடம் புறப்பாட்டு வரியாகச் சாதாரண வகுப்புக்கு 50 டாலரும் வணிக வகுப்புக்கு 120 டாலரும் பெறுகிறது. இது கரியமில வாயுவுக்கென விதித்த வரி அன்று. ஆயினும் இடத்துக்கேற்ற சுமை என்னும் நீதி அதில் ஓரளவு இருக்கிறது. 2025 சனவரி முதல் விடுதிகளில் ஒருவர்க்கு ஒருநாள் பசுமை வரி 12 டாலர். முன்பு 6 டாலராக இருந்தது.

பயணிகள் வருவதை நிறுத்திவிட்டால் சிக்கல் தீருமா? தீராது. 2020-இல் சில மாதங்கள் எல்லை மூடப்பட்டபோது அந்நாட்டின் வருவாய் சரிந்தது; அண்ணனும் பாதிச் சம்பளத்தில் காலம் தள்ளினார். கடல் உயர்வதைத் தடுக்கச் சுவர் எழுப்பவும் பணம் வேண்டும். அப்பணம் விமானத்தில்தான் வருகிறது. கழுத்தை நெரிக்கும் கையே சோறும் ஊட்டுகிறது. அந்நாட்டார் எதிர்கொள்ளும் இந்தச் சங்கடத்துக்கு எளிய விடை இல்லை. அருகிலிருந்து வருவோர் மிகுதல், வந்தவர் நெடுநாள் தங்குதல், டீசலுக்குப் பதில் சூரிய ஒளி, உள்ளூர் மனைகளுக்கு ஊக்கம் ஆகியன சுமையைக் குறைக்கும் வழிகள்.

முடிவுரை

நண்பர்களே! வேலை தேடி அத்தீவுகளுக்குச் செல்ல எண்ணுவோர்க்கு அண்ணன் வாயிலாக நான் அறிந்தவற்றைச் சொல்லி முடிக்கிறேன். முகவர் நம் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவர்தானா என்று முதலில் பாருங்கள். சம்பளம், வேலை நேரம், வார விடுப்பு, ஊர் வந்துபோகும் பயணச்சீட்டு ஆகியவற்றை எழுத்தில் பெறுங்கள். விருந்தினரிடம் பெறும் சேவைக் கட்டணத்தில் பணியாளர்க்கு உரிய பங்கு உண்டு. அது எவ்வாறு பகிரப்படும் என்று கேளுங்கள். 2022-இல் அங்கு வந்த குறைந்தபட்ச ஊதியச் சட்டம் முதலில் அந்நாட்டுக் குடிமக்களுக்கே பொருந்துவதாக இருந்தது. ஆகவே நமக்கு ஒப்பந்தமே காவல். கைத்தொழிலைப் பழகும்போதே கையைக் காக்கும் முறையையும் பழகுங்கள்.

வணிக வகுப்பில் பறப்பவரைக் கண்டு பொறாமைப்படவும் வேண்டாம், பழிக்கவும் வேண்டாம். அவர் தேடிச் செல்வது நாம் எல்லோரும் தேடும் உறக்கமும் அமைதியுமே. அவற்றை உழைப்பவர் ஒவ்வொருவர்க்கும் அவரவர் ஊரிலேயே, எட்டு மணி நேர வேலையும் வார ஓய்வும் வாயிலாகக் கிடைக்கச் செய்வது எவ்வாறு என்பதே பொருளியல் படிக்கும் நம்முன் உள்ள வினா. அவ்வினாவுக்கு விடை காணும் நாளில், தேய்த்துவிடும் கைகளுக்கும் சற்றே ஓய்வு கிடைக்கும்.